மார்ச் பதினைந்தில் நடந்தவை

ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களே, பிறந்ததாக எழுதப்பட்டவர்களே, இது உங்களுக்குத்தான். நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. பள்ளிப் பதிவேட்டின்படி இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பாக்கி இருக்கலாம். ஆனால் முழங்கால் பதிவேட்டைப் படிப்பதில்லை.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது எங்கள் தலைமையாசிரியர் பிறந்த தேதியைக் கேட்பார். "மாங்கா சீசன்லங்க" என்பார்கள். "கேவுரு அறுத்துட்டு இருந்தப்போ வலி எடுத்துச்சுங்க" என்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜூன் ஒன்று என்று எழுதுவார். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தொரு பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அன்றைக்கு மருத்துவச்சிகளுக்குச் சாப்பிட நேரம் இருந்திருக்காது.

அப்பாமார்கள் கேட்டுக்கொண்டால் வருஷத்திலும் ஒன்றைக் குறைத்துக் கொடுப்பார். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஒரு வருஷம் கூடுதலாக இருந்துவிட்டு வரலாம் அல்லவா? மூக்கு ஒழுகும் ஐந்து வயதுக் குழந்தையின் ஓய்வுக்காலத்தைப் பற்றி அவ்வளவு தொலைநோக்கு. அந்தக் குழந்தை எட்டாவது தாண்டுமா என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை.

இதில் ஒருத்திக்கு மட்டும் அசல் பிறந்தநாள் இருந்தது. என் அக்காவுக்கு.

அப்பா பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எழுபத்தைந்தாம் வருஷம் மார்ச் பதினைந்து, சனிக்கிழமை. கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். ஸ்டேஷன் அறையில் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு வலி. மருத்துவச்சி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் இந்தியா ஜெயிக்கும் வரை அப்பா நகரவில்லை. ஜெயித்ததும் ஓடி வந்திருக்கிறார். வாசலை மிதிக்கும்போது உள்ளே அழுகுரல் கேட்டிருக்கிறது.

"ரெண்டுக்கு ஒண்ணு! அங்க கப்பு, இங்க பொண்ணு!" என்று அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் சொன்னார். டீக்கடையில் சொன்னார், கல்யாணப் பந்தியில் சொன்னார், கிராசிங்குக்காக நின்ற கூட்ஸ் வண்டி கார்டுகளிடம் சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்காது.

"உங்கொப்பனுக்கு அன்னிக்கி பந்துதான் பெருசு. நான் உள்ள செத்துப் பொழைக்கிறேன், இவரு கோல் எண்ணிக்கிட்டு நிக்கிறாரு."

அப்படியும் அக்காவைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா தொலைநோக்கைக் கைவிடவில்லை. எழுபத்தாறு ஜூன் ஒன்று என்றுதான் பதிவேட்டில் ஏறியது. இதில் முரண்பாடு இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரேஷன் கார்டுப் பெயர் ஒன்று என்பதுபோல, பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் ஒன்று, வீட்டுப் பிறந்தநாள் ஒன்று.

அக்கா ஓடுவாள். அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோகும்போது பாசஞ்சர் கிளம்பினால் பிளாட்பாரம் முடியும் வரை அதோடு ஓடுவாள். தூக்கில் புளிக்குழம்பு இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது. ஒருநாள் அந்த வண்டியின் ஜன்னலோரம் எங்கள் பி.டி. சார் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

அவர் தன்னுடைய பழைய ஸ்பைக் ஷூவைக் கொடுத்தார். அடியில் ஆணி வைத்த ஷூவை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்காவின் காலுக்கு இரண்டு அளவு பெரிசு. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொள்வாள். ஓடி முடித்து அவள் உருவிப் போடும் தாளை நான் நீவிவிட்டுப் படிப்பேன். வேர்வையில் ஊறி, கால் வாடையோடு உலகச் செய்திகள். என்னுடைய பொது அறிவு தொடங்கிய இடம் அதுதான். அதன் வாசனை இன்னும் போகவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

எனக்குப் படிப்புப் பைத்தியம். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த இயர் புக் ஒன்று கிடைத்தது. எந்தத் தேதியில் யார் பிறந்தார், யார் செத்தார், எங்கே போர் நின்றது, யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஏழாம் வகுப்பில் தமிழம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலைப் பிரார்த்தனையில், திருக்குறளுக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவில், 'இந்த நாளில்' என்று மூன்று செய்திகளை மைக்கில் வாசிக்க வேண்டும். வரிசையில் நிற்கும் நானூறு பிள்ளைகளில் ஒருத்தியும் கேட்க மாட்டாள். நானோ, நான் வாசித்தால்தான் அன்றைய தேதியே தொடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பங்குனி வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. சென்னைப் பக்கம் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பதாகவும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான தேர்வு எங்கள் மைதானத்திலேயே நடப்பதாகவும் பி.டி. சார் சொன்னார். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நானூறு மீட்டர். ஜெயித்தால் விடுதியில் இடம். தினம் முட்டை, பால், கல்லூரி வரை படிப்பு.

அக்காவுக்கு அது வெறும் முட்டையும் பாலும் அல்ல. அவள் வயதுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து அம்மாவின் தூரத்துத் தம்பி முறை ஒருவர், போர்வெல் லாரியில் வேலை, இரண்டு தடவை பூ, பழத்தோடு வந்து போயிருந்தார். அம்மா அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"எடம் கெடச்சா போவட்டும், நான் தடுக்கல. கெடக்கலன்னா வைகாசில முடிச்சுடணும். அப்பறம் என்னால காவல் காக்க முடியாது."

அன்றிலிருந்து அக்கா விடியற்காலை நான்கரைக்கே எழுந்து தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் ஓடப் போனாள். அவளைத் தனியாக விடக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். நான் சிக்னல் கம்பத்தடியில் உட்கார்ந்து தூங்குவேன். ஷூவின் ஆணிகள் ஜல்லியில் உரசும் சத்தம் தூரத்தில் தேய்ந்து, மறுபடி கிட்டே வரும். அவள் திரும்பி வந்து என் தலையில் குட்டி எழுப்புவாள். கன்னம் இரண்டும் எரிகிற மாதிரி சிவந்திருக்கும். "இன்னிக்கி எவ்ளோ வேகம் தெரியுமா?" என்பாள். கடிகாரம் கிடையாது. எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது.

பி.டி. சார் அவளிடம் ஒன்று சொல்லிவைத்திருந்தார். யார் வயது கேட்டாலும் பதிமூன்று என்று சொல்ல வேண்டும். பதிவேடும் அதைத்தான் சொல்லும். அவளிடம் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன, எழுந்து நின்றால் சிக்னல் கம்பத்தின் பாதி கூட இல்லாதவள். என்னால் யாருக்கு என்ன ஆகிவிடும்?

தேர்வு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது நான் துள்ளிக் குதித்தேன். மார்ச் பதினைந்து. அக்காவின் அசல் பிறந்தநாள்.

இயர் புக்கைத் திறந்தேன். அந்த நாள் என்னை ஏமாற்றவில்லை. ரோமாபுரித் தலைவர் ஒருவரைக் கூட இருந்தவர்களே சபையில் வைத்துக் குத்திக் கொன்ற நாள். மெல்போர்னில் உலகத்தின் முதல் டெஸ்ட் போட்டி தொடங்கிய நாள். அப்புறம் நம்முடைய ஹாக்கிக் கோப்பை. மூன்று செய்தி போதும். நான்காவதாக ஒன்றை நானே சேர்த்தேன். அதை யாரிடமும் காட்டவில்லை. முக்கியமாக அக்காவிடம் காட்டவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் அல்லவா? வழக்கமாகத் திருத்திக் கொடுக்கும் தமிழம்மா அன்று விருந்தினர்களுக்கு சந்தனம், கற்கண்டு எடுத்து வைப்பதில் இருந்தார்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் கூசவைத்தன. மேடையில் நாற்காலிகள். நடுவில் தேர்வு அதிகாரி, பக்கத்தில் எங்கள் தலைமையாசிரியர், ஓரத்தில் மற்ற பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்கள். ஓட வந்த பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள். அக்கா ஷூவைக் கையில் பிடித்திருந்தாள்.

ரோமாபுரியையும் மெல்போர்னையும் வாசித்தேன். ஹாக்கியை வாசித்தபோது அதிகாரி லேசாகத் தலையசைத்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அந்த வெற்றிச் செய்தி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு இதே நாளில் வானொலியில் ஒலித்த அதே வேளையில் பிறந்தவர், நம் பள்ளியின் ஓட்ட வீராங்கனை..." என்று அக்காவின் பெயரைச் சொன்னேன். "இன்று பதினைந்து வயது நிறையும் அவர் வெற்றி வாகை சூட வாழ்த்துகிறோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் நான் வாசித்ததைக் கேட்டிருந்தார்கள். பி.டி. சார் மட்டும், மேடையில் யாரோ அவர் காலை மிதித்துவிட்டதுபோல நின்றார்.

பக்கத்து ஊர்ப் பள்ளியின் பி.டி. ஆசிரியர் எழுந்தார். அவர் கூட்டி வந்த பெண்ணும் அதே நானூறு மீட்டருக்குத்தான் நின்றிருந்தாள். மிக மரியாதையான மனிதர்.

"பாப்பா, நல்லா வாசிக்கிறம்மா. அந்தக் கடைசிச் செய்திய இன்னொரு வாட்டி படி."

என் வாழ்க்கையில் 'ஒன்ஸ்மோர்' கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் தடவையை விடச் சத்தமாக, வருஷத்தை நிறுத்தி நிதானமாக உச்சரித்து, மறுபடி வாசித்தேன்.

அடுத்த அரை மணி நேரத்தைத் தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"பதினாலு வயசுப் பிரிவுல பதினஞ்சு வயசுப் பொண்ணு ஓடுதுங்களா சார்?" என்றார் பக்கத்து ஊர் ஆசிரியர்.

"சின்னப் புள்ள, ஏதோ ஒளறுது சார்," என்றார் எங்கள் பி.டி. சார்.

"எங்க ஒளறுது? வருசம் சொல்லுது, தேதி சொல்லுது. நானே அவ்ளோ தெளிவா சொல்ல மாட்டேன்."

"சரி சார். அப்போ பதினாறு வயசுப் பிரிவுல ஓடட்டும். அதுலயும் ஜெயிப்பா. ஒரே ஒரு தடவ விட்டுப் பாருங்க சார்." அவர் குரல் கெஞ்சியது.

அதிகாரி கெட்டவர் இல்லை. அலுப்போடுதான் பேசினார். "எப்படிங்க விடறது? காயிதத்துல பதிமூணு. வாயில பதினஞ்சு. ரிஜிஸ்டர எடுத்தாங்க, பாத்துட்டு ஒரு முடிவு பண்ணிரலாம்."

அந்த இடத்தில் தலைமையாசிரியர் எழுந்தார். அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. பதிவேட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அவர் நெற்றியில் திருநீற்றின் நடுவே வேர்வை இறங்கியது மட்டும்தான் தெரிந்தது.

"அது எதுக்குங்க சார்? அந்தப் பொண்ணுக்குக் காலையிலருந்தே காய்ச்சல். ஓடறதா இல்ல. பேர அடிச்சிருங்க."

அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள். "எனக்குக் காய்ச்சல் இல்லீங்க சார்," என்றாள்.

"இருக்குது. வூட்டுக்குப் போய்ப் படு."

"தொட்டுப் பாருங்க சார்."

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் ஷூவை வாசற்படியில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள். திட்டவில்லை, குட்டவில்லை. மைதானத்தில் விசில் ஊதியது. நானூறு மீட்டரில் பக்கத்து ஊர்ப் பெண் முதலாவதாக வந்ததாக மைக்கில் சொன்னார்கள்.

மார்ச் பதினைந்து அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் அதே நாளில், ஃபாலோ ஆன் வாங்கிய நம் கிரிக்கெட் அணி கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவைக் கவிழ்த்தது. அலுவலகமே தொலைக்காட்சி முன் நின்று கத்தியது. பேசிக்கொள்ளாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கழிவறையில் நின்றிருந்தேன். எனக்குத் தேசப்பற்று குறைவு என்று அன்று ஒருவர் முடிவு கட்டினார். நான் மறுக்கவில்லை. விளக்கம் நீளமாயிற்றே.

தேர்வு நடந்த அன்று சாயங்காலம் பி.டி. சார் அந்த ஷூவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அடுத்த வருசம் பாக்கலாங்க. நான் வேற எடத்துல பேசறேன். ஒரே ஒரு வருசம் பொறுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு கை விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள்.

"அடுத்த வருசம் இவளுக்கு எத்தன வயசு சார்? உங்க கணக்குல சொல்றீங்களா, எங்க கணக்குல சொல்றீங்களா?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். ஷூவைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அது கொஞ்சநாள் புளிப்பானைக்குப் பக்கத்தில் பரணில் கிடந்தது. ஆணிகள் துருப்பிடித்தன. பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாற்றும்போது தேடினேன். கிடைக்கவில்லை.

வைகாசியில் அந்தப் போர்வெல் லாரிக்காரரோடு கோயிலில் கல்யாணம். கோயிலில் எழுதிக்கொள்கிறவர், "பொண்ணுக்கு வயசு?" என்று கேட்டார். அப்பா, "பதினெட்டுங்க" என்றார். கொஞ்சமும் தடுமாறவில்லை. பதினைந்து வருஷம் ஒரே கதையைச் சொன்ன மனிதர் அந்தப் பங்குனிக்குப் பிறகு அதைச் சொல்லவே இல்லை. மார்ச்சில் பதிமூன்றாக இருந்தவள் மே கடைசியில் பதினெட்டு. அந்த வேகத்தை அளக்கத்தான் கடிகாரம் இல்லை.

மாமா நல்லவர்தான். அடித்ததில்லை. மாதத்தில் இருபது நாள் லாரியோடு ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவார். அக்கா அவர் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். மறு வருஷம் ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி அழைத்துவந்தார்கள். கை மட்டும் குச்சியாக, வயிறு மட்டும் பெரிதாக இருந்தாள். நகம் வெளுத்திருந்தது. "ரத்தம் பத்தல" என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அம்மா தினமும் முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஒன்றேகால் வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை நான் சொன்னேன்.

"அக்கா, நான் வேணும்னு படிக்கல."

அவள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டும் வீங்கிப்போயிருந்தன. விரலால் கணுக்காலை அழுத்தி, குழி விழுவதையும் அது மெதுவாக மேலே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் போடி," என்றாள். அந்தக் குழி மேலேறியதும், "மொத தடவ படிச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு. எம்பேர மைக்ல சொல்லி எல்லாரும் கை தட்டுனாங்க. ரெண்டாந் தடவ எதுக்குடி அப்படிக் கத்துன?" என்று கேட்டாள்.



மழைக்காலத்தில், நாள் நெருங்கும் முன்னாலேயே வலி வந்தது. வாடகைக் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேரும்போதே சீட்டு நனைந்திருந்தது. அவர்கள் என்னென்னவோ செய்தார்கள். குழந்தை முதலில் போனது. மறுநாள் மத்தியானம் அக்கா போனாள். மாமா அனந்தபூர்ப் பக்கம் எங்கோ இருந்தார். சேதி சொல்ல ஆள் போயிருந்தது.

உடலை எடுத்துப்போக எழுதி வாங்க வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். அம்மா நடைபாதையில் சுருண்டு கிடந்ததால் அப்பாவோடு நான்தான் போனேன். மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் இருந்தார். ஊர் கேட்டார், பெயர் கேட்டார், புருஷன் பெயர் கேட்டார்.

"வயசு?"

"இருபதுங்க," என்றார் அப்பா.

அந்த அம்மாவின் பேனா நின்றது. அவர் அக்காவைக் கட்டிலில் பார்த்திருக்க வேண்டும்.

"இருபதா? பாத்தா அப்படித் தெரியலயே." அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தங்கச்சியா கண்ணு? படிக்கிறியா?"

"ஒம்பதாவதுங்க."

"படிக்கிற புள்ள, நீ சொல்லு. பயப்படாத. அக்காவுக்கு வயசு என்னா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல் நகங்களில் தண்டவாள மசை கறுப்பாக இருந்தது. எனக்கு வருஷம் தெரியும், மாதம் தெரியும், தேதி தெரியும், கிழமை தெரியும். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார்.

"இருபதுங்க," என்றேன்.

எழுதிக்கொண்டார்.